பதினாறாவது

அம்மணி,
பதினான்கு வரைக்கும் நீங்கள் நன்றாகத்தான் எழுதினீர்கள்.
சனி ஒன்று, ஞாயிறு ஒன்று, ஏழு வாரம்.
சிலிம் ரிவரில் கரண்டு போன இரவில்கூட
தவமலரின் கைப்பேசியில் தலை முட்டிக்கொண்டு
கீழே ஓடும் மலாய் வரிகளைத் துரத்தினோம்.

மீன் வெட்டுகிறவளுக்கும் வக்கீலுக்கும் நடுவில்
நீங்கள் வைத்த அந்த மௌனம்:
ஒரு குடை, இரண்டு பேர், நனைகிற ஒரு தோள்.
அதை நினைத்துக்கொண்டே
நூறு கையுறைக்குத் தொண்ணூற்றெட்டு எண்ணி அடைத்து
சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கினேன்.
பரவாயில்லை.

காலை ஐந்தேகாலுக்கு சன்னாசி அண்ணன் வேன்.
அவருக்குப் படம் பார்க்கப் பொறுமை கிடையாது,
கதை மட்டும் வேண்டும்.
"அப்புறம் என்னாச்சு அந்த மீன்காரப் பிள்ளை?"
கியர் மாற்றிக்கொண்டே கேட்பார்.
இரண்டு பக்கமும் செம்பனை இருட்டு.
ஏழு பெண்கள் ஒரே நேரத்தில் சொல்வோம்.
நூர்ஹயாத்தி மலாயில் திருத்துவாள்.
வக்கீலின் அப்பனை மட்டும் அவர் மன்னிக்கவே இல்லை.
"புள்ளய உட்டுட்டுப் போனவன்
கடைசில வந்து மண்டி போட்டா செல்லாது"
என்று ஹாரன் அடிப்பார், ஆளில்லா ரோட்டில்.

பதினான்கைச் சொல்லி முடித்தது திங்கள்.
செவ்வாய் வேன் வரவில்லை.
மாரடைப்பு என்று ஆறு மணிக்குச் செய்தி வந்தது.

பிறகு நீங்கள் செய்ததைச் சொல்கிறேன்.
பதினைந்தில் எங்கிருந்தோ ஒரு வெள்ளை லாரி.
பதினாறில் போன ஞாபகம் போன வேகத்தில் திரும்பியது.
"ஒரு வருடம் கழித்து" என்று ஒரு வரி போட்டு
மிச்சத்தையெல்லாம் அதற்கடியில் பெருக்கித் தள்ளினீர்கள்.
வில்லி பூச்செண்டோடு வந்தாள்.
அப்பன் மண்டி போட்டான், எழுப்பிவிட்டார்கள்.
நீளமான மேசை, இறைச்சி, எல்லார் வாயிலும் சிரிப்பு.
நடுவில் ஒரு காபி டப்பா,
லேபிள் எங்களைப் பார்த்து.
தவமலர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.
"இதப் போய் அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது?"
என்றாள். அப்புறம் பேசவில்லை.

எங்களுக்குப் பதினாறு லேசான எண் இல்லை, அம்மணி.
பதினாறும் பெறத்தான் மணமக்களை வாழ்த்துகிறோம்.
பதினாறாம் நாள்தான்
செத்தவருக்குப் படைத்துத் தலை முழுகுகிறோம்.

அண்ணனுடைய பதினாறு ஒரு புதன்கிழமை.
சம்பளம் பிடித்தால் பிடிக்கட்டும் என்று போனோம்.
கோயில் மண்டபத்தில்
அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத மனைவி,
கிள்ளானிலிருந்து. இரண்டு மகன்கள்.
மூத்தவனுக்கு அவருடைய அதே விடைத்த காது.
பத்தொன்பது வருசம் என்றார்கள்.
விட்டுவிட்டுப் போனது அண்ணன்தானாம்.
சின்னவன் படத்தின் முன் விழுந்து கும்பிட்டான்,
சடங்குக்காரர் சொன்ன அளவுக்கு மட்டும்.

பிறகு நீளமான மேசை. ஆட்டிறைச்சி.
யாரோ எதற்கோ சிரித்தார்கள்.
மனைவி எனக்கு ஒரு சர்பத் கேன் கொடுத்தாள்.
லேபிள் எந்தப் பக்கம் என்று பார்த்தேன், வெட்கமாக இருந்தது.

கைகழுவிய பின் தவமலர்
படத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.
"மீன்காரப் பிள்ளை" என்பது மட்டும் எனக்குக் கேட்டது.
என்ன முடிவைச் சொன்னாளோ,
வேன் ஏறியும் வாயைத் திறக்கவில்லை.

வாழ்க்கையும் இப்படித்தானே என்பீர்கள்.
தெரியும். அதைப் பார்க்க
நான் டேட்டா வாங்கத் தேவையில்லை.
அது மண்டபத்தில் சும்மா கிடைக்கிறது, சோற்றோடு.
அதனால்தானே உங்களிடம் வந்தோம்.

வருகிற சனிக்கிழமை புதிதாக ஒன்று தொடங்குகிறதாம்.
பேய்க் கதை.
உங்கள் பெயர்தான் போட்டிருக்கிறது என்கிறாள் நூர்ஹயாத்தி.
புது டிரைவர் பையன் கதை கேட்பதில்லை,
ரேடியோ போட்டுவிடுகிறான்.

பார்ப்போம்.